ஆமைக் குஞ்சுகள் ரோட்டுக்கு வருகின்றன, அசோசியேஷன் லைட்டை அணைக்க மாட்டேன் என்கிறது. என்ன செய்யலாம்?

கொட்டிவாக்கம்_மூன்றாம்மாடி:

எல்லோருக்கும் வணக்கம், கொஞ்சம் நீளமாகப் போகும், பொறுத்துக்கொள்ளுங்கள். எங்கள் அபார்ட்மெண்ட் கொட்டிவாக்கத்தில் கடற்கரைக்கு முந்தைய கடைசித் தெருவில் இருக்கிறது. பக்கத்துக் கட்டடத்தில் ஒரு பைக் திருடு போனதிலிருந்து எங்கள் அசோசியேஷன் மொட்டை மாடியில் இரண்டு பெரிய எல்இடி ஃப்ளட் லைட் போட்டுவிட்டது. ஒன்று தெருவைப் பார்த்து, இன்னொன்று கடலைப் பார்த்து. கடலைப் பார்த்து எதற்கு சார் என்று கேட்டால், திருடன் அந்தப் பக்கமாகவும் வரலாமே என்கிறார் செகரட்டரி. திருடன் நீந்தியா வரப்போகிறான் என்று கேட்க வாய் வந்தது, அடக்கிக்கொண்டேன்.

போன வாரம் விடியற்காலையில் வாட்ச்மேன் பெரியவர் காலிங் பெல் அடித்துக் கூப்பிட்டுப் போய்க் காட்டினார். கேட்டுக்கு வெளியே, லைட் வெளிச்சம் விழுகிற இடத்தில், ஆமைக் குஞ்சுகள். ஒவ்வொன்றும் கட்டைவிரல் நீளம்கூட இருக்காது, கறுப்பாக, முதுகில் மணல் ஒட்டிக்கொண்டு, காம்பவுண்ட் சுவரில் முட்டி முட்டித் துடுப்பை அடித்துக்கொண்டிருந்தன. சுவர் ஏறி உள்ளே வரப் பார்க்கின்றன, கடல் முதுகுப் பக்கம் இருக்கிறது! நாலைந்து குஞ்சுகள் பால் வண்டிச் சக்கரத்தில் நசுங்கிக் கிடந்தன. மிச்சத்தைப் பெரியவர் ஒரு பெயிண்ட் பக்கெட்டில் தண்ணீர் பிடித்து அதில் போட்டு எடுத்துப் போய் அலையில் ஊற்றிவிட்டு வந்தார்.

அன்று மாலையே மீட்டிங்கில் பேசிப் பார்த்தேன். "பாவம்தான், ஆனால் பாதுகாப்பு முக்கியம்" என்று சொல்லிவிட்டு லிஃப்ட் ஏஎம்சி விஷயத்துக்குப் போய்விட்டார்கள். பெரியவர் செய்தது சரிதானா, இன்னொரு தடவை வந்தால் என்ன செய்ய வேண்டும்? லைட் விஷயத்தில் ஏதாவது சட்டம் இருக்கிறதா, அல்லது கெஞ்சித்தான் ஆக வேண்டுமா? அப்புறம் என் மகள் எட்டாவது படிக்கிறாள், அன்றிலிருந்து ஆமை நடைக்கு (இரவில் கரையோரமாக நடந்து ஆமைக் கூடு தேடுவார்களே, அது) கூட்டிப்போ என்று ஒரே பிடிவாதம். அவ்வளவு சின்னப் பிள்ளைகளைச் சேர்த்துக்கொள்வார்களா?

---

மணல்மேடு:

பல சீசனாக நடைக்குப் போகிறவன் என்ற முறையில் சொல்கிறேன். முதலில் உங்கள் வாட்ச்மேனுக்கு என் சார்பில் ஒரு டீ வாங்கிக் கொடுங்கள். எத்தனையோ கட்டடங்களில் காலையில் பெருக்கித் தள்ளிவிட்டுப் போகிறார்கள், யாருக்கும் தெரிவதே இல்லை. ஆனால் அடுத்த முறை தண்ணீர் வேண்டாம். குஞ்சு நீந்தத் தொடங்கினால் நிறுத்தாது, பக்கெட்டுக்குள்ளேயே அடித்து அடித்து ஓய்ந்துவிடும், அதற்குப் பிறகு அலையைத் தாண்டிப் போகத் தெம்பு இருக்காது. ஈர மணல் கொஞ்சம் போட்ட காலி பக்கெட் போதும். முதலில் லைட்டை அணைக்கச் சொல்லுங்கள், பிறகு தண்ணீரிலிருந்து சில அடி தள்ளி ஈர மணலில் இறக்கிவிட்டால் தானே நடந்து போய்விடும். ஊற்ற வேண்டாம், எறியவும் வேண்டாம். வெயில் ஏறிவிட்டது என்றால் நிழலில் ஈரத்துணி போட்டு வைத்து வனத்துறைக்கோ பெசன்ட் நகர் பொரிப்பகத்துக்கோ (கரையில் கிடைக்கும் முட்டைகளை எடுத்து வந்து வேலிக்குள் புதைத்துப் பொரிக்க வைக்கும் இடம்) சொல்லிவிடுங்கள். முக்கியமாக, குஞ்சுகள் வந்த தடத்தைப் பிடித்துக்கொண்டு மணலில் பின்னோக்கிப் போய்ப் பாருங்கள். அங்கே கூடு இருக்கும், ஒரே கூட்டிலிருந்து மறுநாள் இரவும் மிச்சக் குஞ்சுகள் வெளியே வருவதுண்டு. அதைத் தோண்டிப் பார்க்காதீர்கள். நம் கரைக்கு வரும் பங்குனி ஆமை (ஆலிவ் ரிட்லி) 1972-ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கிறது, புலிக்கு என்ன பாதுகாப்போ அதே பாதுகாப்பு. நாங்கள் முட்டையைத் தொடுவதே வனத்துறை அனுமதியோடுதான்.

குஞ்சு ஏன் ரோட்டுக்கு வருகிறது என்பதை அசோசியேஷனுக்குச் சொல்லும்படியாகச் சொல்கிறேன். மணலுக்குள்ளிருந்து இரவில் வெளியே வந்ததும் அது பார்ப்பது ஒன்றைத்தான்: அடிவானத்தில் எந்தப் பக்கம் வெளிச்சம் அதிகம். மனிதர்கள் இல்லாத கரையில் அது கடல் பக்கம்தான், நிலவோ நட்சத்திரமோ தண்ணீரில் பட்டுத் தெரியும், கரைப் பக்கம் செடியும் மணல் மேடும் இருட்டாக இருக்கும். நாம் அந்தக் கணக்கைத் தலைகீழாக்கிவிட்டோம். அது புத்தி கெட்டுப் போய் ரோட்டுக்கு வரவில்லை, சரியாகத்தான் வேலை செய்கிறது, தப்பான பக்கத்தில் உங்கள் ஃப்ளட் லைட் இருக்கிறது. குஞ்சுக்கு மட்டுமில்லை, முட்டையிட வரும் தாயும் வெளிச்சமான கரையைக் கண்டால் ஏறாமலே திரும்பிப் போய்விடும்.

இப்போது லைட். "அணையுங்கள்" என்று கேட்டால் யாரும் கேட்க மாட்டார்கள், கேட்கவும் தேவையில்லை. கடல் பக்க லைட்டைக் கீழ்நோக்கித் திருப்பி மேலே ஒரு தகர மறைப்பு மாட்டினாலே பாதிப் பிரச்சினை தீரும். பல்பு கரையிலிருந்து கண்ணுக்கு நேராகத் தெரியக்கூடாது, அவ்வளவுதான் கணக்கு. அடுத்தது நிறம். வெள்ளை எல்இடியில் நீலம் அதிகம், ஆமைக் கண்ணுக்கு அதுதான் பளிச்சென்று படும், மஞ்சள் சிவப்புப் பக்கம் போகப் போக உறுத்தல் குறையும். அமெரிக்காவில் ஃப்ளோரிடா கடற்கரை ஊர்களில் இதற்கென்றே உள்ளாட்சி விதிகள் இருக்கின்றன, 560 நானோமீட்டருக்கு மேல் அலைநீளம் உள்ள அம்பர் விளக்குதான் போட வேண்டும், தாழ்வாகப் போட வேண்டும், மறைத்துப் போட வேண்டும் என்று. நம் ஊரில் ஒரு தனிக் கட்டடத்தை இழுத்துப் பிடிக்கும் அளவுக்கு அப்படி நேரான விதி கிடையாது. ஆமை முட்டையிடும் இடங்களைக் கடற்கரை ஒழுங்குமுறை அறிவிக்கை மிகக் கறாரான பிரிவில் வைத்திருக்கிறது, அது கட்டுமானத்துக்கு உதவும், உங்கள் மொட்டை மாடி பல்புக்கு அதைக் கொண்டு போனால் அலைய வேண்டியிருக்கும். கடற்கரை உயர்கோபுர விளக்குகளைச் சீசனில் நள்ளிரவை ஒட்டி அணைத்துவைக்கச் சொல்லி வனத்துறை மாநகராட்சியைக் கேட்பதுண்டு, அதை உதாரணமாகக் காட்டுங்கள். வருடம் முழுக்க இல்லை, தை தொடங்கி சித்திரை வரைக்கும்தான், அதுவும் இரவு பதினொன்றிலிருந்து விடியும்வரை.

மகளைத் தாராளமாகக் கூட்டி வாருங்கள். மாணவர் கடல் ஆமைப் பாதுகாப்பு அமைப்பு 1988-லிருந்து நடக்கிறது, பேரிலேயே மாணவர் இருக்கிறது. அதற்கும் முன்னால் எழுபதுகளிலேயே ரோமுலஸ் விட்டேகரும் அவர் சென்னையில் தொடங்கிய பாம்புப் பண்ணையைச் சுற்றியிருந்த இளைஞர்களும் இதே கரையில் இரவில் நடந்திருக்கிறார்கள், கடல் ஆமை ஆய்வாளர் சதீஷ் பாஸ்கர் போன்றவர்கள் அந்தக் கூட்டத்திலிருந்து வந்தவர்கள்தான். பொதுமக்களுக்கான நடை வார இறுதியில் இருக்கும், முன்பதிவு முறை சீசனுக்குச் சீசன் மாறும், அவர்கள் வலைத்தளத்தில் பார்த்துக்கொள்ளுங்கள். நீலாங்கரையில் தொடங்கி பெசன்ட் நகர்வரை ஏழு கிலோமீட்டர் மணலில் நடக்க வேண்டும், நள்ளிரவில். ஆமையைப் பார்த்தே தீருவோம் என்று சொல்லிக் கூட்டி வராதீர்கள், பல இரவுகளில் ஒன்றும் இருக்காது.

---

செகரட்டரிமாமா:

நானும் ஒரு அசோசியேஷன் செகரட்டரிதான் (ஈஞ்சம்பாக்கம் பக்கம், அறுபது வீடு). அதனால் எதிர்த் தரப்பிலிருந்து பேசுகிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள்.

மீட்டிங்கில் ஆமை என்று ஆரம்பித்தால் தோற்றுப்போவீர்கள். எங்கள் கட்டடத்திலும் ஒரு பெண் இதே விஷயத்தைக் கொண்டு வந்தாள், முதல் தடவை லேப்டாப்பில் படமெல்லாம் போட்டுக் காட்டினாள், எல்லோரும் உச் கொட்டினார்கள், தீர்மானம் ஒன்றும் வரவில்லை. இரண்டாவது தடவை அவள் ஆமையைப் பற்றிப் பேசவே இல்லை. ஈபி கார்டை எடுத்து வைத்தாள். இரவு முழுக்க எரியும் நானூறு வாட் காமன் மீட்டரில் என்ன இழுக்கிறது என்று கணக்குப் போட்டுக் காட்டிவிட்டு, சென்சார் போட்டால் ஆள் நடமாட்டம் இருக்கும்போது மட்டும் எரியும், திருடன் வந்தால் திடீரென்று வெளிச்சம் அடிக்கும், அதுதானே அவனுக்குப் பயம், எந்நேரமும் எரிகிற லைட்டில் அவன் வசதியாகப் பூட்டைப் பார்த்துத் திறப்பான் என்றாள். ஐந்தே நிமிடத்தில் பாஸ் ஆயிற்று. ஆமைக்காகக் கையைத் தூக்காத ஒரு ரிட்டயர்ட் வங்கி மேனேஜர்தான் முதலில் கையைத் தூக்கினார்.

சில நடைமுறை விஷயம். சென்சாரைக் கடல் பக்கம் பார்த்து வைக்கச் சொல்லாதீர்கள், தெருநாய் போனாலும் எரியும், எங்களுக்கு முதல் வாரம் டிஸ்கோ மாதிரி இருந்தது. எலெக்ட்ரீஷியனிடம் கட்டடத்துச் சுவரை ஒட்டி, இடுப்பு உயரத்தில், உள்பக்கம் பார்த்து வைக்கச் சொல்லுங்கள். சிசிடிவி பற்றிக் கேள்வி வரும். இப்போது வருகிற கேமராக்களுக்கு இருட்டிலும் தெரிகிற வசதி இருக்கிறது, ஃப்ளட் லைட் தேவையில்லை. அப்புறம் சர்க்குலரில் "சீசன் முடியும்வரை" என்று தேதி போட்டு எழுதுங்கள். நிரந்தரம் என்றால் ஆள் மிரளுவான், நான்கு மாதம் என்றால் சரி என்பான். அடுத்த தை மாதம் பழைய சர்க்குலரையே தேதி மாற்றி ஒட்டிவிடலாம், யாரும் கவனிக்க மாட்டார்கள்.

இன்னொன்று, மேல் மாடி பால்கனி லைட்டுகள். அசோசியேஷன் லைட்டைவிட அதுதான் தொல்லை. வீக்கெண்டில் பார்ட்டி, விடியும்வரை எரியும். அதற்குக் குழந்தைகளை விட்டுத்தான் சொல்ல வைக்க வேண்டும், பெரியவர்கள் சொன்னால் எங்கள் வீட்டு லைட், உங்களுக்கென்ன என்பார்கள்.

---

சும்மா_கேட்கிறேன்:

கேட்கிறேன் என்று தப்பாக நினைக்க வேண்டாம். முட்டையைத் தோண்டி எடுத்து வேலிக்குள் புதைத்து, பொரிந்ததும் கூட்டத்தைக் கூட்டிக் கைதட்டி விடுவது எல்லாம் இயற்கையில் கைவைப்பது ஆகாதா? கோடிக்கணக்கான வருடமாக ஆமை தன் பாட்டில் முட்டையிட்டுக்கொண்டுதானே இருக்கிறது. இதில் பாதி இன்ஸ்டாகிராமுக்காகச் செய்கிறார்கள் என்று தோன்றுகிறது.

---

மணல்மேடு:

சும்மா_கேட்கிறேன், கேள்வி நியாயமானது, நடைக்கு வருகிறவர்களுக்குள்ளேயே இந்தச் சண்டை உண்டு. முட்டை அது இட்ட இடத்திலேயே பொரிவதுதான் நல்லது, அதில் இரண்டு கருத்து கிடையாது. ஒடிசாவில் கஹிர்மாதா, ருஷிகுல்யா கரைகளில் ஆமைகள் லட்சக்கணக்கில் மொத்தமாக வந்து முட்டையிடுகின்றன, அங்கே யாரும் ஒவ்வொரு கூட்டையும் தோண்டி எடுத்துக்கொண்டிருக்க முடியாது. நம் கரைக்கு ஒன்றிரண்டாக வருபவைதான். பெசன்ட் நகரில் அந்த ஒரு கூடு அப்படியே இருந்தால் அன்று இரவே நாய் மோப்பம் பிடித்துத் தோண்டிவிடும், நாய்க்குத் தப்பினால் நீங்கள் மேலே படித்த கதைதான் நடக்கும், லைட்டைப் பார்த்து ரோட்டுக்கு. இடம் மாற்றுவது நல்ல வழி என்று செய்யவில்லை, நகரத்துக் கரையில் வேறு வழி இல்லாமல் செய்கிறோம்.

எப்படிச் செய்கிறார்கள் என்று ஒரு தடவை வந்து பாருங்கள், பிறகு திட்டுங்கள். தாய் ஆமை தண்ணீரிலிருந்து மேலேறித் திரும்பிப் போன தடம் டிராக்டர் சக்கரம் ஓடினமாதிரி மணலில் பதிந்திருக்கும். தடம் திரும்புகிற இடத்தில் மணல் கலைந்து கிடக்கும், ஆனால் கூடு சரியாக எங்கே என்று கண்ணுக்குத் தெரியாது, ஏனென்றால் முட்டையிட்டு மூடியபின் தாய் தன் உடம்பை இப்படியும் அப்படியும் மாற்றி மாற்றிச் சாய்த்து மணலை இடித்து இறுக்கிவிட்டு, சுற்றிலும் மணலை வாரி இறைத்துவிட்டுத்தான் போகும். குச்சியை மெதுவாக ஊன்றிக்கொண்டே வருவார்கள், ஒரு இடத்தில் சட்டென்று பொசுக்கென உள்ளே இறங்கும். அங்கிருந்து கைதான், மண்வெட்டி கிடையாது. முழங்கை ஆழம் போனதும் விரலில் முதல் முட்டை தட்டுப்படும், ஓடு கெட்டியாக இருக்காது, தோல் மாதிரி லேசாக அமுங்கும். நூறு, நூற்றிருபது வரை இருக்கும். ஒவ்வொன்றாக எண்ணி, உருட்டாமல் திருப்பாமல், துணிப்பையில் அதே கூட்டு மணலோடு வைப்பார்கள். பொரிப்பகத்தில் அதே ஆழத்துக்கு, அடியில் அகலமாக, வாய் குறுகலாகக் குழி எடுத்து வைத்து, தேதி எழுதிய பலகை நட்டுவிடுவார்கள். ஏறக்குறைய நாற்பத்தைந்து ஐம்பது நாள்.

இதில் நான் கவலைப்படும் விஷயம் வேறு, அதை நீங்கள் கேட்கவில்லை, நானே சொல்கிறேன். ஆமைக் குஞ்சு ஆணா பெண்ணா என்பதைக் கூட்டின் சூடுதான் தீர்மானிக்கிறது. 29 டிகிரியைச் சுற்றி இருந்தால் இரண்டும் கலந்து வரும், அதற்கு மேல் ஏற ஏறப் பெண்களாகவே வரும், இன்னும் ஏறினால் முட்டையே வெந்துபோகும். பங்குனி சித்திரை வெயிலில் மணல் எப்படிக் கொதிக்கும் என்று உங்களுக்கே தெரியும். அதனால் பொரிப்பகத்துக்கு மேலே பச்சை நிழல்வலை கட்டுவது வெறும் அலங்காரம் இல்லை. எல்லாக் கூட்டையும் ஒரே இடத்தில் புதைத்து ஒரே மாதிரி சூட்டில் வைத்தால் என்னாகும் என்கிற யோசனை இல்லாமல் பொரிப்பகம் நடத்தினால் நல்லது செய்கிறோம் என்று நினைத்துக்கொண்டு கெட்டது செய்துவிடுவோம்.

இன்ஸ்டாகிராம் பற்றிச் சொன்னது உண்மை. குஞ்சை யாரோ முக்கியஸ்தர் வரும்வரை டப்பில் வைத்துக் காக்க வைப்பது, ஃபிளாஷ் அடிப்பது, கையில் வைத்து செல்ஃபி எடுப்பது எல்லாம் நடக்காத ஊர் இல்லை. பொரிந்த முதல் நாளில் அதற்கு இருக்கிற வேகம்தான் ஆழக் கடலுக்குக் கொண்டுபோகும், அதை டப்பில் வீணாக்கக்கூடாது. நல்ல பொரிப்பகத்தில் கயிறு கட்டி, கூட்டத்தை அதற்குப் பின்னால் நிறுத்தி, மணலில் தானே நடக்க விடுவார்கள். நீங்கள் போகிற இடத்தில் அப்படிச் செய்யவில்லை என்றால் அங்கேயே கேள்வி கேளுங்கள்.

---

படகுக்காரர்மகன்:

எல்லாம் படித்தேன். லைட், பொரிப்பகம், சென்சார், நல்லது. ஒரு விஷயம் மட்டும் யாரும் பேசவில்லை, அதனால் நான் பேசுகிறேன்.

2025 ஜனவரியில் சென்னை, செங்கல்பட்டுக் கரையில் ஆயிரத்துக்கும் மேல் ஆமை செத்து ஒதுங்கியது. அவையெல்லாம் முட்டையிட வந்த பெரிய ஆமைகள், கண் பிதுங்கி, கழுத்து வீங்கி. ஒரு ஆமை முட்டையிடுகிற வயசுக்கு வர பத்துப் பதினைந்து வருடம் ஆகும். நீங்கள் சீசன் முழுக்க நடந்து காப்பாற்றுகிற குஞ்சுகளில் ஆயிரத்துக்கு ஒன்று பிழைக்கும் என்கிறார்கள், அப்படியென்றால் ஒரே மாதத்தில் போன அந்த ஆயிரம் ஆமைக்கு ஈடு கட்ட எத்தனை குஞ்சு விட வேண்டும், நீங்களே போட்டுக்கொள்ளுங்கள். பசுமைத் தீர்ப்பாயம் தானாகவே வழக்கை எடுத்தது, பேப்பரில் வந்தது, டிவிக்காரர்கள் வந்தார்கள். எங்கே வந்தார்கள்? எங்கள் குப்பத்துக்கு. ஃபைபர் படகைக் காட்டி, வலையைக் காட்டி, ஏன் ஆமையைக் கொல்கிறீர்கள் என்று எங்கள் அப்பா வாயில் மைக்கை நீட்டினார்கள்.

ஆமை மூச்சு விட மேலே வந்தே ஆக வேண்டிய உயிர். விசைப்படகின் இழுவை மடியில், அதாவது இழுவை வலையில், மாட்டினால் மணிக்கணக்கில் தண்ணீருக்குள்ளேயே இழுபடும், மூச்சு முட்டித்தான் சாகும். கரையிலிருந்து ஐந்து கடல் மைலுக்குள் விசைப்படகு இழுவை போடக்கூடாது என்று தமிழ்நாட்டில் சட்டம் இருக்கிறது. முட்டையிட வருகிற ஆமையெல்லாம் அந்த ஐந்து மைலுக்குள்தான் திரியும். ராத்திரி கரையில் நின்று பார்த்தால் இழுவைப் படகின் லைட் எவ்வளவு பக்கத்தில் தெரிகிறது என்று நடைக்கு வருகிறவர்கள் யாரும் பார்ப்பதில்லையா? மணலையே பார்த்துக்கொண்டு நடப்பீர்கள் போல. வருடத்துக்கு 61 நாள் மீன்பிடித் தடை இருக்கிறதே என்பார்கள். அது ஏப்ரல் 15-இல் தொடங்கும். ஆமை வருவது ஜனவரியிலிருந்து. தடை வரும்போது பெரும்பாலான ஆமை முட்டையிட்டுவிட்டுப் போயே போய்விடும்.

ஆமை தப்பிக்க வலையில் கதவு வைக்கிற கருவி கொச்சி மீன்வளத் தொழில்நுட்ப ஆராய்ச்சி நிலையத்தில் எப்போதோ செய்துவிட்டார்கள். அதை மாட்டவில்லை என்பதற்காகத்தான் அமெரிக்கா 2019-இல் இந்தியக் கடலில் பிடித்த இறாலை வாங்குவதை நிறுத்தியது. மாட்டினால் மீனும் கொஞ்சம் போகும் என்று முதலாளிமார் சொல்கிறார்கள். போகட்டுமே.

எங்கள் வலையில் மாட்டாது என்று பொய் சொல்ல மாட்டேன். திருக்கை வலையில் மாட்டும். உயிரோடு இருந்தால் வலையை அறுத்து விட்டுவிடுவோம், அது எங்கள் கைக்காசு. மகாராஷ்டிரத்தில் அப்படி வலையை அறுத்து விட்டால் 25,000 ரூபாய்வரை அரசு தருகிறது. இங்கே அதற்கு யாராவது நோட்டீஸ் அடித்து ஊர்வலம் போனீர்களா? ட்ரீ ஃபவுண்டேஷன் மாதிரி சில பேர் குப்பத்துப் பையன்களையே கரையைக் காவல் காக்க வைத்திருக்கிறார்கள், அது எனக்குச் சரியாகப் படுகிறது. எங்கள் ஆட்கள் எப்படியும் ராத்திரி இரண்டு மணிக்குக் கரையில்தான் இருப்பார்கள். முதலில் தடம் பார்ப்பதும் அவர்கள்தான்.

கொட்டிவாக்கம் அண்ணா, உங்கள் மேல் கோபமில்லை. லைட்டை அணையுங்கள், நல்ல காரியம். எங்கள் குப்பத்தில் தெருவுக்கு ஒரு லைட்தான், அதுவும் பாதி நாள் எரியாது. உங்கள் வரிசையில் ரெஸ்டாரண்ட், பங்களா, ரிசார்ட் என்று கரை முழுக்க எரிகிறது.

---

மணல்மேடு:

தம்பி சொன்னதில் ஒரு வரிகூட மறுக்க மாட்டேன். செத்து ஒதுங்கும் ஆமையைக் கணக்கெடுப்பதும் நடையில் ஒரு வேலைதான். அளவெடுத்து, ஆணா பெண்ணா பார்த்து, மறுபடி எண்ணாமலிருக்கப் பெயிண்டால் குறி போட்டுவிட்டு வருவோம். செத்ததெல்லாம் கரைக்கு வராது, காற்றும் நீரோட்டமும் தள்ளிக்கொண்டு வருகிறது மட்டும்தான் நம் கண்ணில் படுகிறது. அந்தக் கணக்கு இல்லையென்றால் 2025-இல் வழக்கில் எண் என்று சொல்ல ஒன்றும் இருந்திருக்காது. ஆனால் எங்கள் ஆட்களில் நிறையப் பேர் குஞ்சு விடுகிற அன்று வருவார்கள், செத்த ஆமையை அளக்கிற அன்று வரமாட்டார்கள், அதுவும் உண்மை. ஐந்து மைல் விஷயத்தில் உங்கள் ஊர்ப் பஞ்சாயத்து மனு கொடுக்கும்போது சொல்லுங்கள், கணக்குத் தாள்களோடு நாங்களும் வருகிறோம். வலை இழப்பீடு யோசனையையும் அதிலேயே சேர்த்துவிடலாம்.

---

சிவகங்கைச்சீமை:

ஊடே வருவதற்கு மன்னிக்கவும். எங்கள் மாவட்டத்தில் பொத்தக்குடி என்று ஒரு கிராமம், 2020-இல் தெருவிளக்கு ஸ்விட்ச் பாக்ஸுக்குள் ஒரு குருவி கூடு கட்டி முட்டையிட்டுவிட்டது. குஞ்சு பறக்கிறவரை ஊரே ஒரு மாதத்துக்கு மேல் தெருவிளக்கைப் போடாமல் இருந்தது. ஊரில் எதிர்ப்பே இல்லாமலில்லை, இருட்டில் எப்படிப் போவது என்று கேட்டவர்களும் இருந்தார்கள், பேசிப் பேசித்தான் சம்மதிக்க வைத்தார்கள். பாம்பு தேள் உள்ள ஊர் அது. நீங்கள் ஒரு மொட்டை மாடி லைட்டுக்கு இவ்வளவு யோசிக்கிறீர்கள் :)

---

கொட்டிவாக்கம்_மூன்றாம்மாடி:

எல்லோருக்கும் நன்றி. நேற்று மீட்டிங் முடிந்தது. செகரட்டரிமாமா சொன்ன வழியில்தான் போனேன், ஈபி கணக்கை முதலில் வைத்து, ஆமையைக் கடைசியில் வைத்தேன். பொத்தக்குடி கதையையும் சொன்னேன், அதற்குத்தான் நன்றாகத் தலையாட்டினார்கள். கடல் பக்க லைட் மே கடைசிவரை அணைந்திருக்கும், தெருப் பக்க லைட்டுக்கு மறைப்பும் சென்சாரும். வாட்ச்மேன் பெரியவருக்கு ஒரு காலி பக்கெட்டும், அவசரத்துக்குக் கூப்பிட வேண்டிய நம்பர்கள் எழுதின அட்டையும் கொடுத்தாகிவிட்டது. தண்ணீர் வேண்டாம் என்று சொன்னதும், "மீன் மாதிரிதானே சார்" என்றார். மேலே வந்து மூச்சு விடுகிற உயிர், பக்கெட்டில் நீந்தி நீந்தியே ஓய்ந்துவிடும் என்று விளக்கியதும் புரிந்துகொண்டார், இப்போது பக்கத்துக் கட்டட வாட்ச்மேன்களுக்கு அவர்தான் பாடம் எடுக்கிறார்.

தீராதது ஒன்று: எங்களுக்கு அடுத்த மனையில் இருக்கும் ஒரு ரெஸ்டாரண்ட். கரையைப் பார்த்து வரிசையாக லைட், விடிகாலை இரண்டு மணிவரை. மேனேஜரிடம் பேசினேன், முதலாளியிடம் கேட்க வேண்டும் என்கிறார், முதலாளி ஊரில் இல்லையாம். அவர்களை எப்படிப் பிடிப்பது?

படகுக்காரர்மகன் தம்பி, ஐந்து மைல் மனுவில் கையெழுத்து வேண்டுமென்றால் எங்கள் கட்டடத்தில் முப்பது வீட்டிலும் நானே ஏறி இறங்கி வாங்கித் தருகிறேன். அதில் ஆமையை முன்னால் வைக்க வேண்டுமா, மீனவர் வயிற்றுப்பாட்டை முன்னால் வைக்க வேண்டுமா என்று நீங்கள் சொல்கிறபடி எழுதலாம்.

---

படகுக்காரர்மகன்:

இரண்டும் ஒரே வரியில் வரட்டும் அண்ணா. இழுவைப் படகு கரைக்குள் வந்தால் ஆமையும் சாகிறது, எங்கள் வலையும் அறுந்து போகிறது, மீன்குஞ்சும் போகிறது. ஞாயிற்றுக்கிழமை காலை வலைக் கொட்டகைக்கு வாருங்கள், ஊர்ப் பெரியவர்கள் இருப்பார்கள், உட்கார்ந்து எழுதிவிடலாம்.

---

செகரட்டரிமாமா:

ரெஸ்டாரண்டுக்கு ஒரு யோசனை. சண்டை போடாதீர்கள். "ஆமை சீசன், விளக்கைத் தணித்திருக்கிறோம்" என்று ஒரு சின்ன போர்டு நீங்களே அடித்துக் கொடுத்து அவர்கள் வாசலில் வைக்கச் சொல்லுங்கள். இருட்டில் சாப்பிடுவதற்குக் கூடுதலாகக் காசு வாங்குகிற காலம் இது. ஒப்புக்கொள்ளவில்லை என்றால் வனத்துறைக்கு எழுத்தில் கொடுத்துவிடுங்கள், நகல் வைத்துக்கொள்ளுங்கள்.

---

மணல்மேடு:

எழுத்தில் கொடுப்பதென்றால் குஞ்சுகள் வந்த தேதி, இடம், நசுங்கியவற்றின் படம் எல்லாம் சேர்த்து சென்னை வன உயிரினக் காப்பாளர் அலுவலகத்துக்குக் கொடுங்கள். லைட் எரிகிற நேரத்தில் கரையில் நின்று எடுத்த படமும் வேண்டும், அதுதான் பேசும்.

இந்த சனிக்கிழமை நடைக்குப் பெயர் கொடுத்திருந்தால் மகளோடு வாருங்கள். டார்ச் வேண்டாம், போன் ஃபிளாஷும் வேண்டாம், கண் இருட்டுக்குப் பழகிவிடும். வெள்ளைச் சட்டையைத் தவிர்த்து அடர் நிறத்தில் போடுங்கள். தண்ணீர் பாட்டிலும் பிஸ்கட்டும் எடுத்துக்கொள்ளுங்கள், பாதி வழியில் பசிக்கும். வெறுங்காலோடு வராதீர்கள், கண்ணாடித் துண்டு நிறையக் கிடக்கிறது. முடிந்தால் ஒரு சாக்குப் பையும் கொண்டு வாருங்கள், அறுந்த வலைத் துண்டு கண்ணில் பட்டால் அதில் போட்டுக்கொண்டு வரலாம்.